இனி அடக்க மாட்டேன்

முதல் வலி இடது விலாவுக்குக் கீழே, முதுகுப் பக்கமாக வந்தது. விருத்தாசலத்துப் பீங்கான் பேட்டையில் ஒரு கொட்டகையில் நான் வேலை பார்த்துவந்தேன். அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத பச்சைப் பீங்கானின் ஓரங்களைக் கத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் துடைக்கும் வேலை. அன்று குனிந்தவளால் நிமிர முடியவில்லை. யாரோ உள்ளே கைவிட்டுத் திருகுவதுபோல் இருந்தது. பக்கத்தில் வேலை பார்த்த மேரியக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"வாயுப்புடிப்புதான்டி, அஞ்சல. மெதுவா நிமிரு, போயிடும்" என்றார் அவர்.

கொஞ்ச நேரத்தில் போய்விட்டது. சாயங்காலம் வீட்டுக்குப் பின்னால் ஒதுங்கியபோது சிறுநீர் செம்மண் கரைத்த தண்ணீர்போல் இறங்கியது. மண்ணைக் காலால் தள்ளி மூடினேன். யாரிடமும் சொல்லவில்லை.

இதே வலியை மறைத்துக்கொண்டு நடமாடுகிறவர்கள் இதைப் படிக்கக்கூடும். முக்கியமாகப் பெண்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். சபையில் சொல்லத் தயங்கும் வார்த்தைகள் இதில் வரும். வரட்டும்.

அது எழுபதுகளின் தொடக்கம். எங்கள் கொட்டகையில் என்ன செய்தோம் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். கக்கூஸ் பீங்கான் செய்தோம். வைக்கோல் சுற்றி அடுக்கினால் லாரி ஏறி ஊர் ஊராகப் போகும். ஆனால் அதைச் செய்த பெண்களுக்கு அங்கே ஒரு கழிப்பிடம் கிடையாது. ஆண்கள் மதிலோரமாக நின்றுகொள்வார்கள். நாங்கள் பின்னாலிருந்த வேலிகாத்தான் புதருக்குள் போய்வருவோம். இன்னொரு சூளை கட்டுவதற்காக அந்தப் புதரையும் வெட்டினார்கள். அதோடு எங்கள் மறைவும் போயிற்று.

ஆகவே தண்ணீர் குடிப்பதை விட்டோம். பேசி முடிவுசெய்ததல்ல, ஒவ்வொருத்தியும் தானாகவே நிறுத்திக்கொண்டாள். விடிவதற்கு முன்னால் ஒதுங்கிவிட்டு வந்தால், இருட்டிய பிறகுதான் மறுபடியும். இடையில் வெயிலும் சூளைச் சூடும். தாகம் எடுத்தால் வாயைக் கொப்பளித்துத் துப்புவேன். அடிவயிறு கனத்தால் ஒரு காலைத் தூக்கி இன்னொரு கால்மேல் அழுத்தி நிற்பேன். அப்படி நிற்பதே எங்கள் எல்லோருக்கும் பழக்கமாகிவிட்டது.

அடிக்கடி நீர்க்கடுப்பு வந்தது. வெந்தயம் விழுங்கினேன், காலில் விளக்கெண்ணெய் தடவினேன், இளநீர் குடித்தேன். உடம்புச் சூடு என்றார்கள். அப்படித்தான் நானும் நினைத்தேன். பிறகு ஒருநாள் குளிர் எடுத்தது. பற்கள் கிட்டித்து, கயிற்றுக் கட்டில் ஆடும் அளவுக்கு உடம்பு உதறியது. என் கணவர் கோவிந்தன் ரயில் ஜங்ஷனில் சரக்கு ஏற்றி இறக்குபவர். எந்தச் சுமைக்கும் அசராதவர், அன்று என்னைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் இருந்தார். என் முதுகில் ஒரு கையை வைத்து, அதன்மேல் இன்னொரு கையால் லேசாகக் குத்தினார். நான் அலறினேன்.

"ஒன்னுக்கு எப்படிம்மா போவுது?"

நான் சுற்றிலும் பார்த்தேன். கம்பவுண்டர் நின்றுகொண்டிருந்தார், கணவர் நின்றுகொண்டிருந்தார், கதவருகே யார் யாரோ நின்றார்கள். டாக்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு எல்லோரையும் வெளியே போகச் சொன்னார். கதவைச் சாத்தியதும் அழுகை வந்தது. எல்லாவற்றையும் சொன்னேன்.

"தண்ணி குடிக்காட்டி இன்னாங்க டாக்டரம்மா, ஒடம்புக்கு வேணாங்கறதெல்லாம் வேர்வையாத்தான் போயிடுதே" என்றேன். அப்போது அதை நான் உண்மையாகவே நம்பினேன்.

அவர் சிரிக்கவில்லை. ஒரு பழைய அட்டையின் பின்புறம் படம் போட்டார். முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் அவரை விதை வடிவத்தில் ஒவ்வொரு சிறுநீரகம். அவற்றிலிருந்து இறங்கும் இரண்டு மெல்லிய குழாய்கள். கீழே சிறுநீர்ப்பை.

"வேர்வை உடம்புச் சூட்டத் தணிக்கிறதுக்கும்மா. அதுல போற கழிவு கொஞ்சம்தான். நாம திங்கிற சாப்பாடு, ஒழைக்கிற ஒழைப்பு எல்லாத்துலயும் ரத்தத்துல அழுக்கு சேருது. யூரியான்னு ஒன்னு. ரத்தம் பூரா இந்த ரெண்டு வழியாத் திரும்பத் திரும்பப் போவுது. வேண்டியத வச்சிக்கிட்டு, வேண்டாதத தண்ணியில கரைச்சி வெளிய அனுப்புது. தண்ணியே இல்லாட்டி எதுல கரைக்கும்? உப்பு படிஞ்சி கல்லாவுது. அடக்கி வச்சா, தேங்குன எடத்துல கிருமி பெருகுது. அது மேல ஏறுது."

அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தேன். சின்ன வயதிலிருந்து என் உடம்பைக் குளிப்பாட்டியிருக்கிறேன், உடுத்தியிருக்கிறேன், வேலைக்கு ஓட்டியிருக்கிறேன். அதற்குள் எனக்காக ஓயாமல் உழைக்கும் இரண்டு உறுப்புகள் இருப்பதை யாரும் எனக்குச் சொன்னதில்லை. அவமானம் என்று நான் நினைத்திருந்த ஒன்று ரத்தத்தைச் சுத்தம் செய்த பிறகு வரும் தண்ணீர். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

டாக்டர் எங்களைப் புதுச்சேரிக்கு அனுப்பினார். அங்கே பைலோகிராம் (நரம்பில் மருந்து ஏற்றி, அது சிறுநீரகம் வழியாக இறங்கும்போது எடுக்கும் படம்) எடுத்தார்கள். வலது பக்கம் மருந்து வெள்ளையாகத் தெரிந்து, குழாய் வழியே இறங்கியது. இடது பக்கம் மருந்து வரவேயில்லை. ஒரு பெரிய கல்லின் நிழல் மட்டும் அப்படியே நின்றது.

அறுவை டாக்டர் வயதானவர், அதிகம் பேசாதவர். "இடது சிறுநீரகம் வேலை செய்யவில்லை. உள்ளே சீழ் கட்டியிருக்கிறது. விட்டால் ரத்தத்தில் கலந்துவிடும். எடுத்துவிட வேண்டும். இன்னொன்று நன்றாக இருக்கிறது, ஒன்று போதும்" என்றார்.

அதற்குள் கம்மாபுரத்திலிருந்து என் நாத்தனார் வந்துவிட்டார். வார்டு வராந்தாவில் என் கணவரை நிறுத்திவைத்துப் பேசியது, கட்டிலில் கிடந்த எனக்குக் கேட்டது.

"கையெழுத்துப் போடாத தம்பி. ஒரு உறுப்ப எடுத்துட்டா அவ பாதி மனுஷிதான். ஒரு பொட்டப்புள்ளயோட நிக்குது, இன்னொன்னு எப்படிப் பெறுவா? வூட்டுக்கு இட்டுக்கினு போயிடலாம். நாட்டு மருந்து பாப்போம்."

"கொஞ்சம் இருக்கா, யோசிக்கணும்" என்றார் கணவர்.

அந்த வார்த்தைதான் என்னை எழுப்பியது. சுவரைப் பிடித்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தேன். முதுகு எரிந்தது.

"நீங்க இன்னாங்க யோசிக்கிறது? வலிக்கிறது எனக்கு. சீழ் புடிச்சிருக்கிறது என் உடம்புல. எடுக்கச் சொல்றேன் நான். நீங்க கையெழுத்துப் போடுங்க."

"அஞ்சல, அக்கா ஒன் நல்லதுக்குத்தான்..."

"நல்லதுன்னா அவங்கள பக்கத்துல இருக்கச் சொல்லுங்க. வாணாம்னா பஸ்ஸு ஏறிப் போவச் சொல்லுங்க."

நாத்தனார் போகவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் கட்டிலருகே வந்து உட்கார்ந்தார். ஆபரேஷன் முடிந்து நான் கண் விழித்தபோது என் உதட்டில் ஈரத் துணியை வைத்தவரும் அவர்தான். கணவர் கையெழுத்துப் போட்டுவிட்டு நேராகக் கடற்கரைக்குப் போய் உட்கார்ந்திருக்க வேண்டும். அவராகச் சொல்லவில்லை. வேட்டி மடிப்பிலிருந்து மணல் உதிர்ந்தது.

தையல் விலாவிலிருந்து வயிறுவரை வளைந்து போயிருந்தது. பக்கத்தில் ஒரு ரப்பர் குழாய். சிறுநீர்ப்பையிலிருந்து இன்னொரு குழாய் இறங்கி, கட்டிலுக்குக் கீழே ஒரு கண்ணாடிப் பாட்டிலில் முடிந்தது. தினமும் காலையில் டாக்டர் என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அந்தப் பாட்டிலைத்தான் பார்ப்பார். நானும் பார்க்கத் தொடங்கினேன். கலங்கலாக இருந்தது தெளிந்து, வைக்கோல் நிறத்துக்கு வந்தது. ஒருநாள் பாட்டில் நிறைந்திருப்பதைக் கண்டு நர்ஸ், "பரவாயில்லியே, நல்லா வேல செய்யுது" என்றார். பரீட்சையில் தேறியதுபோல் இருந்தது எனக்கு.

நடக்க ஆரம்பித்ததும் அறுவை டாக்டரிடம் கேட்டேன். "எங்கிட்டேருந்து எடுத்தத நான் பாக்கணுங்க."

"எதற்கம்மா? பயந்துவிடுவாய்."

"என்னோடதுதானே. பயப்படலைங்க."

உறுப்பைச் சோதனைக்கு அனுப்பியாகிவிட்டது, கல் மட்டும் இருக்கிறது என்றார். எனாமல் தட்டில் கொண்டுவந்து காட்டினார்கள். மானின் கொம்புபோல் கிளை கிளையாகப் பிரிந்து, மஞ்சளும் பழுப்புமாக இருந்தது. சிறுநீரகத்தின் உட்குழிவுகளில் நிறைந்து, அதன் வடிவத்தையே எடுத்துக்கொண்ட கல். அது பல வருடம் வளர்ந்திருக்கும் என்றார் டாக்டர். கொட்டகையில் கால்மேல் கால் அழுத்தி நின்ற ஒவ்வொரு மத்தியானமும் எனக்கு ஞாபகம் வந்தது. பயம் வரவில்லை. கோபம் வந்தது. அந்தக் கோபம்தான் என்னை ஊருக்கு நடத்திக்கொண்டு போனது என்று இன்றும் சொல்வேன்.

தையல் ஆறியதும் வேலைக்குப் போனேன். முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஒத்த கிட்னிய வச்சிக்கினு இங்க இன்னா பண்ணப் போற? வூட்ல கெட."

"சீவுற வேலதானுங்க. கைதான் வேணும், கை ரெண்டும் இருக்குது. ஆனா தண்ணி குடிப்பேன். குடிச்சா போவணும். பொம்பளைங்களுக்கு ஒரு கக்கூஸ் கட்டிக் குடுங்க."

அவர் சிரித்தார். "எடம் எங்கிருக்குது? நீங்கதான் காலைலயே போயிட்டு வந்துடுறீங்களே."

அன்று சாப்பாட்டு நேரத்தில் எல்லாப் பெண்களையும் உட்காரவைத்துச் சொன்னேன். டாக்டர் வரைந்த படத்தைத் தரையில் களிமண்ணால் வரைந்தேன். மூத்திரம் என்ற வார்த்தையைச் சத்தமாகச் சொன்னதும் சிலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். முந்தானையை விலக்கித் தையலைக் காட்டினேன். சிரிப்பு நின்றது.

மேரியக்கா மெதுவாகச் சொன்னார். "எனக்கும் எரியுதுடி. எம் மவளுக்கும் எரியுது. எல்லாப் பொம்பளைக்கும் அப்படித்தான்னு இருந்துட்டேன்."

அதன்பிறகு ஒவ்வொருவராகச் சொன்னார்கள். அங்கே எரியாதவர்கள் குறைவு.

ஞாயிற்றுக்கிழமை கொட்டகைக்குப் பின்னால், மதில் மூலையில் குழி தோண்டினோம். கொத்து வேலை பார்க்கும் மேரியக்காவின் கணவரும், என் கணவரும் இறங்கித் தோண்டினார்கள். உடைசல் குவியலில் ஒரு பீங்கான் கிடந்தது. மெருகு சரியாகப் பிடிக்காமல் ஊசித் துளைகள் விழுந்ததால் கழித்துப் போட்டது. அதை எடுத்துப் பதித்தோம். சுற்றிலும் கம்பு நட்டுச் சாக்குத் திரை கட்டினோம்.

திங்கட்கிழமை முதலாளி வந்து பார்த்தார்.

"யாரக் கேட்டு வச்சீங்க? மத்தியானத்துக்குள்ள பேத்துப் போடணும்."

"கேட்டமுங்க. எடமில்லன்னீங்க. எடம் இருந்துது" என்றேன்.

"ஆளு மாத்திடுவேன், பாத்துக்க."

நான் கத்தியைக் கீழே வைத்தேன். மேரியக்கா பஞ்சை வைத்தார். ஒவ்வொருவராக மடியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். அச்சுகளில் காலையில் ஊற்றிய மண்கூழ் இறுகிக்கொண்டிருந்தது. இறுகியதும் அச்சைப் பிரித்து எடுத்துவிட வேண்டும். விட்டால் உள்ளேயே சுருங்கி வெடித்துவிடும். இது எங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். வெளியிலிருந்து புதிதாக வருகிறவர்களால் அன்றைக்கு அதைச் செய்ய முடியாது. அவர் அச்சுகளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார்.

வேலை போனால் வேறு கொட்டகையில் சேர்ப்பார்களா என்பது தெரியாது. என்றாலும் எழுந்திருக்கவில்லை.

"சரி, இருக்கட்டும். நாத்தம் வந்துதுன்னா தொலைச்சிடுவேன்" என்று சொல்லிவிட்டு ஆபீஸ் அறைக்குள் போனார். நாங்கள் ஓடிப்போய் அச்சுகளைப் பிரித்தோம். ஒன்றுகூட வெடிக்கவில்லை. பிறகு ஒரு ஆபீசர் பார்வையிட வந்தபோது, தானே கட்டிக்கொடுத்ததாக முதலாளி அதைப் பெருமையாகக் காட்டினார். அதற்காகவே சாக்கை எடுத்துவிட்டுச் செங்கல் சுவரும் வைத்தார். காட்டிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டோம்.

வருடங்கள் ஓடிவிட்டன. சோதனைக்குப் போகும்போதெல்லாம் ரத்தத்தில் யூரியா பார்க்கிறார்கள், ரத்தக்கொதிப்பு பார்க்கிறார்கள். வலது சிறுநீரகம் முன்பைவிடப் பெரிதாகிவிட்டது என்று டாக்டர் படத்தைக் காட்டிச் சொன்னார். இரண்டின் வேலையையும் ஒன்றே எடுத்துக்கொண்டதால் வளர்ந்துவிட்டதாம். பாதி மனுஷி என்ற பேச்சு அப்போது நினைவுக்கு வந்தது. என் உடம்பு அதை ஏற்கவில்லை. காலியான இடத்தை எண்ணி அழாமல், இருந்ததைப் பெரிதாக்கிக்கொண்டது. என் மகன் அதற்குப் பிறகு பிறந்தவன்தான். கர்ப்பத்தில் டாக்டர்கள் கூடுதலாகக் கவனித்தார்கள், அவ்வளவே.

முன்பெல்லாம் என் நாளுக்கு இரண்டு முனைகள்தான், விடியலும் இருட்டும். நடுவில் இருந்தது வெறும் பொறுத்தல். இப்போது அந்த நடுப்பகுதி எனக்குத் திரும்பக் கிடைத்திருக்கிறது. செம்பில் தண்ணீர் பக்கத்தில் இருக்கிறது. நான் பேசும்போதும் தூங்கும்போதும் ரத்தம் சுத்தமாகிக்கொண்டே இருக்கிறது என்பதை அறிந்து வாழ்கிறேன்.

உங்களுக்கு எரிந்தால், குளிர் எடுத்தால், நிறம் மாறினால் டாக்டரிடம் போங்கள். ஆட்கள் நின்றால் வெளியே போகச் சொல்லுங்கள். வேலை செய்கிற இடத்தில் கழிப்பிடம் கேளுங்கள். ஒருத்தியாகக் கேட்டால் சிரிப்பார்கள். சேர்ந்து கேளுங்கள்.

நேற்று எங்கள் கொட்டகைக்கு ஒரு பெரிய ஆர்டர். புதிதாக வந்திருக்கும் மேஸ்திரி எங்கள் தலைக்குமேலேயே நின்றார். நான் பாதிச் சீவலில் கத்தியை வைத்துவிட்டு எழுந்தேன்.

"எங்க போற? இத முடிச்சிட்டுப் போயேன்."

"போயிட்டு வந்து முடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.