ஃபியட்டுக்கு இரட்டைச் சுவிட்ச்

கல்பாக்கத்தில் அணு உலைப் பாதுகாப்புப் பிரிவில் தலை நரைத்து ஓய்வு பெற்ற சுப்புராமனுக்கு, கமிட்டி போடாமல் எதையாவது செய்தால் சோறு இறங்காது. புதுப்பட்டினத்து வீட்டு வாசலில் நின்ற அவருடைய பழைய ஃபியட்டில், கதவைத் திறந்தால் உள்விளக்கு எரியவில்லை. கதவோரத்துச் சுவிட்சை உப்புக்காற்று தின்றுவிட்டது.

"லைட் எரியட்டும், அப்புறம் ஏறறேன்" என்று சொல்லிவிட்டாள் மனைவி பார்வதம். இருட்டில் ஏறி முட்டியைப் பெயர்த்துக்கொண்டவள். மாமல்லபுரத்தில் பழைய கார்களின் அணிவகுப்பு நெருங்கிக்கொண்டிருந்தது. கல்யாணமான புதிதில் போனதுபோல முன்சீட்டில் உட்கார்ந்து அதற்குப் போக வேண்டும் என்று ஆசைப்பட்டாள். அவள் வாய்விட்டுக் கேட்டதே அது ஒன்றுதான்.

சுப்புராமன் செங்கல்பட்டுக்குப் போனார். பழைய கார் சாமான் விற்கும் தாவீது மூன்று தினுசுச் சுவிட்சுகளைப் பரப்பினான்.

"இதுல எது நல்லதுப்பா?"

"எல்லாமே ஒரிஜினல்தான் சார். எது வோணுமோ எத்தினு போ."

இந்தப் பதில் விஞ்ஞானத்துக்கு ஒத்துவருமா? மூன்றையும் வாங்கிவந்து மொட்டைமாடியில் கடலைப் பார்க்க வைத்து, உப்புத்தண்ணீர் தெளித்தார். அவரோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற ராகவன் தலைமையில் கமிட்டி கூடியது. பார்வதத்தின் காபியைக் குடித்துக் குடித்துக் கடைசியில் பித்தளைச் சுவிட்சைத் தேர்ந்தெடுத்தது.

"இது ஃபெயில் ஆனா?" என்றார் ராகவன்.

"பக்கத்துலயே இன்னொண்ணு போட்டுடலாம். ஒண்ணு போனாலும் லைட் எரியும்" என்றார் சுப்புராமன்.

கமிட்டி மெய்சிலிர்த்தது. தாவீது வந்து இரண்டையும் மாட்டினான். கதவைத் திறந்ததும் விளக்கு ஜெகஜோதியாக எரிந்தது. திரும்பத் திரும்பத் திறந்து பார்த்துக் கைதட்டிவிட்டு, காருக்கு உறையைப் போர்த்தினார்கள். கதவைச் சாத்தினால் அணைகிறதா என்று பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. இரண்டாவது சுவிட்ச் சற்று உள்வாங்கி உட்கார்ந்திருந்ததால், சாத்திய கதவு அதை அமுக்கி விளக்கை அணைக்கவே இல்லை. உறைக்குள் விளக்கு நாட்கணக்கில் இரவுபகலாக எரிந்தது.

அணிவகுப்பன்று காலையில் பார்வதம் பட்டுப்புடவையில் வந்து கதவைத் திறந்தாள். விளக்கு எரியவில்லை. சுப்புராமன் சாவியைத் திருகிப் பார்த்தார். பேட்டரி செத்துக் கிடந்தது. அவள் ராகவன் மனைவியோடு மாமல்லபுரத்துக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

மத்தியானம் போனில் படம் வந்தது. யாருடைய பச்சை ஃபியட்டிலோ, திறந்த கதவுக்குள், எரியும் விளக்குக்குக் கீழே முன்சீட்டில் பார்வதம். சுப்புராமன் படத்தைப் பெரிதாக்கிக் கதவோரத்தைத்தான் முதலில் பார்த்தார். அங்கே ஒரே ஒரு சுவிட்ச் இருந்தது. அவள் சிரித்துக்கொண்டிருந்ததை அப்புறம்தான் பார்த்தார். அப்படி அவள் சிரித்துப் பார்த்து எத்தனை காலமாயிற்று என்று நினைத்ததும் அவருக்குச் சுருக்கென்று தைத்தது.