ரிட்டன் லோடு

ஏழுமலை அண்ணா... இந்த வாரமும் உன்னை வைத்துத்தான் எழுதுகிறேன். போனில் படித்துவிட்டு, "இன்னாடி, மறுபடியும் என்ன வெச்சி செஞ்சிட்டியா?" என்று கேட்க நீதான் இல்லை.

போன வாரம் இந்தப் பத்தி ஏன் வரவில்லை என்று கேட்டவர்களுக்கு — காரணம் இதுதான். என் அண்ணன் இறந்துவிட்டார். ஒரகடத்தில் ஒரு கம்பெனிக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். காலையில் அங்கே வேலை பார்க்கிற ஒரு மேடத்தைக் கம்பெனி வாசலில் இறக்கிவிட்டு, வண்டியை நிழலில் ஓரம் கட்டி, ஹேண்ட் பிரேக் போட்டுவிட்டு, சீட்டிலேயே சாய்ந்தவர்தான். நெஞ்சு வலியாம். சாகப்போகிற நேரத்திலும் வண்டியைக் கோணலாக நிறுத்தவில்லை.

இறுதிச் சடங்கு முடிந்த மறுநாள் அந்த மேடம் வல்லம் வடகாலில் எங்கள் வீட்டுக்கு வந்தார். பெயர் நித்யா. அந்தக் கம்பெனியின் வக்கீல்.

நான் எட்டாவதோடு நின்றவள். ஃபேக்டரி லைனில் நின்று பார்ட்ஸ் செக் பண்ணுகிறவள். வக்கீல் வேலை பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அண்ணன் சொன்னதுதான். நித்யா மேடம் முதலில் சென்னையில் ஒரு பெரிய லா ஃபர்மில் இருந்தாராம். கண்ணாடி பில்டிங், மாடி மாடியாக வக்கீல்கள், ஊரில் இருக்கிற கம்பெனிக்கெல்லாம் வேலை பார்ப்பார்களாம். அதை விட்டுவிட்டு ஒரே கம்பெனிக்குள் உட்கார்ந்து வேலை பார்க்க ஒரகடம் வந்தார். அதற்கு ‘இன்-ஹவுஸ்’ என்று பெயர்.

அண்ணன் சும்மா இருப்பாரா? வண்டி ஓட்ட ஆரம்பித்த புதிதில் கேட்டாராம்: "இன்-ஹவுஸ்னா வூட்லயே இருக்க வேண்டிதுதான மேடம்... எதுக்கு தெனிக்கும் பூந்தமல்லிலேர்ந்து இம்மாந்தூரம் வர்றீங்க?"

தண்டலம் தாண்டும் வரை மேடம் சிரித்துக்கொண்டே வந்தாராம்.

இப்போது அந்தப் பழைய ஃபர்ம் மேடத்தைத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறது. அப்படிப் போகிறவர்கள் நிறைய பேர் இருக்கிறார்களாம். மேடத்துக்கும் ஆசைதான். ஆனால் பயம். அங்கே ஜூனியராக இருந்தவர்களெல்லாம் இப்போது மேலே போய்விட்டார்கள். ‘வெளியே போய் முடியாமல் திரும்பி வந்துவிட்டாள்’ என்று பார்ப்பார்களோ?

எனக்கு அந்தப் பயம் நன்றாகவே தெரியும்.

செய்யாறு பக்கம் என்னைக் கட்டிக் கொடுத்தார்கள். அடி தாங்க முடியாமல், இடுப்பில் என் மகள் யாழினியோடு ஒருநாள் அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றேன். அண்ணன் அப்போது லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். குழந்தையை வாங்கிக்கொண்டு, "துன்னியா?" என்று கேட்டார். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு கேள்வி இல்லை.

தெரு கேட்டது. "ஏழுமல தங்கச்சி ரிட்டன் வந்துட்டாளாமே..."

ரிட்டன். எங்கள் லைனில் அந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான். கஸ்டமர் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய பீஸ். சிவப்பு டேக் கட்டி, ஓரமாக ஒரு ட்ரேயில் கிடக்கும். அந்த ட்ரேயைத் தாண்டிப் போகும்போதெல்லாம் என்னையே பார்ப்பதுபோல இருக்கும்.

அண்ணனுக்கு வந்த சம்பந்தங்களும் தட்டிப்போயின — ‘வீட்டில் தங்கச்சி இருக்கிறாளே’ என்று. நான் பாரமா அண்ணா? இந்த ஒரு கேள்வியைத் தொண்டை வரைக்கும் கொண்டுவந்து கொண்டுவந்து விழுங்கினேன். அன்றைக்கு அவரைப் பாயில் கிடத்தியபோதும் அதுதான் தொண்டையில் நின்றது. இனி யாரிடம் கேட்பது?

மேடம் பாயில் என் பக்கத்திலேயே உட்கார்ந்தார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை.

"அன்னைக்குக் காலைல கார்ல ஒரே புலம்பல்மா நான். ரிட்டர்ன் போனா என்ன நெனைப்பாங்கன்னு. அண்ணா என்ன சொன்னாரு தெரியுமா?"

எனக்கு எப்படித் தெரியும்?

மேடம் அண்ணனைப் போலவே பேசிக்காட்டினார். "நா லாரி ஓட்னவன் மேடம். ரிட்டன்ல ரெண்டு கீது. காலியா வர்றது ஒண்ணு, லோடோட வர்றது ஒண்ணு. ரிட்டன் லோடு கெடச்சா டிரைவரு சாமிக்குத் தேங்கா ஒடைப்பான். என் தங்கச்சி ரிட்டன் வந்தா... ஊரே பேசிச்சி. அவ காலியாவா வந்தா? யாழினியத் தூக்கினு வந்தா. அதுக்கு அப்பால தான் மேடம் எங்க வூட்ல சத்தமே கேட்டுச்சி. நீங்க மட்டும் காலியாவா போப்போறீங்க?"

எனக்குக் கண் மறைத்தது. மேடத்துக்கும்தான்.

"எனக்கு என்ன லோடுண்ணான்னு கேட்டேன். ‘அத்த நீங்கதான் பாக்கணும். நா டிரைவரு, தார்ப்பாயத் தூக்கிப் பாக்க மாட்டேன்’னுட்டாரு. கம்பெனி வாசல் வந்துடுச்சு. ‘சாயந்தரம் ரிட்டன்ல சொல்றேண்ணா’ன்னு எறங்கினேன். ‘சரி மேடம்’னாரு."

அதுதான் அண்ணன் கடைசியாகப் பேசியது.

மேடம் அடுத்த மாதம் பழைய ஃபர்முக்கே போகிறார். அதை முதலில் அண்ணனிடம்தான் சொல்ல நினைத்தாராம். அதனால் என்னிடம் சொல்ல வந்திருக்கிறார்.

"லோடு என்னன்னு தெரிஞ்சிதா மேடம்?"

"அங்க இருந்தப்போ எந்தக் கம்பெனியையும் ‘கிளையன்ட்’னுதான் சொல்லுவேன். இங்க வந்து ‘நம்ம கம்பெனி’ன்னு சொல்லப் பழகிட்டேன். அந்த ‘நம்ம’ங்கிறது இனி வாய்லேர்ந்து போகாதுன்னு நெனைக்கிறேன்." கொஞ்சம் நிறுத்தி, "அங்க போய் அப்படிச் சொன்னா திட்டுவாங்க," என்று சிரித்தார்.

யோசித்துப் பாருங்கள். ஒருத்தர் கிளம்பும்போது எல்லாரும் கையாட்டுகிறோம். அவரே திரும்பி வந்தால், ‘ஏன், என்ன ஆச்சு?’ என்கிறோம். என்ன கொண்டுவந்தாய் என்று யாராவது கேட்டிருக்கிறோமா?

திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். அந்த ட்ரே அதே இடத்தில்தான் இருந்தது. தாண்டிப் போனேன்.

எனக்கு ஒரு உதவி செய்யுங்கள். எந்தச் சாமியைக் கும்பிடுகிறவராக இருந்தாலும் சரி, விளக்கு ஏற்றும்போதோ, தொழும்போதோ, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போதோ, என் அண்ணன் ஏழுமலைக்காக ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ளுங்கள். என்னையும் யாழினியையும் சுமந்து வந்தவர், பாரம் என்று ஒருநாளும் நினைக்காதவர்... போகிற இடத்துக்கு அவர் காலியாகப் போகக்கூடாது.