பெற்றோருடன் சமூகமளிக்கவும்

இது நடந்தது 2008இல். யுத்தம் இன்னும் முடியவில்லை. கிழக்கில் வெடிச்சத்தம் குறைந்திருந்ததே தவிர, சோதனைச் சாவடிகள் ஒன்றும் குறையவில்லை. எனக்கு ஊர் நிந்தவூர். வேலை பார்த்தது, ஊரிலிருந்து ஆறேழு மணித்தியாலம் பஸ்ஸில் போகவேண்டிய ஒரு பல்கலைக்கழகத்தில். பெயர் வேண்டாம். ஒழுக்காற்று விசாரணைக் கடிதங்களைத் தட்டச்சு செய்து, மாணவர்களிடம் கொடுத்து, கையொப்பம் வாங்கிக் கோப்பில் போடுவது என் பொறுப்பு. எட்டு வருடமாகச் செய்த வேலை. முகம் பார்க்காமலே செய்யப் பழகியிருந்தேன்.

அந்த வியாழக்கிழமை ஏழு கடிதங்கள். புதுமுகங்களை மூத்தவர்கள் சீண்டும் பகிடிவதை விடுதியில் நடந்ததில், முதலாம் வருட மாணவன் ஒருவனுக்குக் கை முறிந்துவிட்டது. சம்பந்தப்பட்டதாகச் சொல்லப்பட்ட ஏழு பேருக்கும் ஒரே கடிதம்தான், பெயர் மட்டும் வேறு. இன்று நான்கு மணிக்குள் விடுதியை விட்டு வெளியேற வேண்டும். மாணவர் அடையாள அட்டையை ஒப்படைக்க வேண்டும். மூன்று கிழமை கழித்து நடக்கும் விசாரணைக்குப் பெற்றோருடன் சமூகமளிக்க வேண்டும்.

ஆறு பேர் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு வாங்கிப் போனார்கள். ஏழாவது ஆள் நின்றுகொண்டே கடிதத்தை இரண்டு தரம் வாசித்தான். ஒல்லியான பையன், இரண்டாம் வருடம். கட்டாயம் ஆரையும் கூட்டிவர வேணுமா என்று கேட்டான். கடிதத்தில் போட்டிருக்குத்தானே என்றேன். பிறகு அடையாள அட்டையை மேசையில் வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டான்.

“இது இல்லாம செக்பொயின்டில என்ன சொல்ற மிஸ்?”

தேசிய அடையாள அட்டை இருக்கும்தானே என்றேன். ஓம், இருக்கு என்றான். கையொப்பம் வைத்தான். நன்றி சொல்லிவிட்டுப் போனான். நான் தேநீர் குடிக்கப் போனேன்.

பின்னேரம் மூன்றரை மணி இருக்கும். விசாரணைக்காக ஏழு பேரின் தனிக்கோப்புகளையும் எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். அவனுடையதைத் திறந்தபோது இரண்டு மரணச் சான்றிதழ்கள் இருந்தன. ஒன்று தாயினுடையது, மற்றது தகப்பனுடையது. இரண்டிலும் ஒரே திகதி. 2004 டிசம்பர் 26. முகவரி பாண்டிருப்பு. கீழே பாதுகாவலர் என்று ஓர் அக்காவின் பெயர். அதற்குப் பின்னால், முதலாம் வருடத்தில் நித்திரை இல்லாமல் தவித்து வைத்தியரிடம் அனுப்பப்பட்டவன் என்று ஒரு குறிப்பும் இருந்தது.

சுனாமி வந்த அந்தத் திகதியை எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. எங்கள் குடும்பத்திலும் மூன்று பேரின் மையித்துகளைச் சேர்த்து அடக்கிய நாள் அது. அப்படிப்பட்ட நானே ‘பெற்றோருடன்’ என்று அடித்து அவன் கையில் கொடுத்திருக்கிறேன்.

விடுதிப் பொறுப்பாளருக்குத் தொலைபேசி எடுத்தேன். அவன் இரண்டு மணிக்கே போய்விட்டான் என்றார். பை கட்டிலுக்குக் கீழே அப்படியே இருக்கிறதாம். போர்வையை மடித்து வைத்துவிட்டு, தன்னுடைய புத்தகங்களை அறை நண்பனுக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். அதைக் கேட்டதும் அவனுக்கு எடுத்தேன். அவன் தொலைபேசி வேலை செய்யவில்லை. அக்காவின் இலக்கமும் பாவனையில் இல்லை. மேலதிகாரியிடம் ஓடினேன். கோபத்தில் போயிருப்பான், திங்கட்கிழமை பார்ப்போம் என்றார் அவர்.

அந்தக் காலத்தில் ஒரு தமிழ்ப் பையன் காணவில்லை என்றால் இரண்டு விதமாகப் பயப்படவேண்டும். அவனை யாராவது கொண்டுபோயிருக்கலாம். அல்லது அவனே தன்னை ஏதும் செய்துகொண்டிருக்கலாம். ‘நான் மாணவன்’ என்று காட்டக்கூடிய ஒரே அட்டை என் மேசை லாச்சியில் கிடந்தது. அதை எடுத்து என் கைப்பையில் போட்டேன். விதிப்படி அது பிழை. அடுத்த நாள் லீவு போட்டுவிட்டு விடியற்காலை முதல் பஸ்ஸில் ஏறினேன்.

வழியில் நான்கு இடங்களில் இறங்கி வரிசையில் நடந்தோம். ஒவ்வொரு சாவடியிலும் ஓரமாக நிறுத்திவைக்கப்பட்டிருந்த பையன்களின் முகங்களைப் பார்த்தேன். ஆற்றுப் பாலங்களில் பஸ் ஏறும்போது கீழே பார்க்கவும் பயம், பார்க்காமல் இருக்கவும் பயம். வாயில் நபி மேல் ஓதும் ஸலவாத்து ஓடிக்கொண்டேயிருந்தது. அவன் கேட்ட இரண்டு கேள்விகளும் காதை விட்டுப் போகவில்லை. இரண்டுக்கும் நான் உண்மையான பதில் சொல்லவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

கல்முனையில் இறங்கும்போது ஜும்ஆத் தொழுகை முடிந்து ஆட்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். சொல்லியிருந்தபடி என் கணவர் மோட்டார் சைக்கிளோடு காத்திருந்தார். நேரே பாண்டிருப்புக்குப் போனோம். சுனாமி வீட்டுத்திட்டத்தில் கடைசி வரிசை வீடு. அக்கா முற்றத்தில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தா. முப்பது வயதுகூட இருக்காது. யாரென்று சொன்னதும் கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தா. தம்பி நல்லாப் படிக்கிறானா என்று கேட்டா.

நடந்ததை நான் சொன்னேன். வாழ்க்கையில் நான் கதைத்த பொல்லாத கதை அதுதான். அப்படியே மணலில் குந்திவிட்டா. பொலிஸில் சொல்வோமா என்று கணவர் கேட்டதற்கு, வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டா. பெயரைக் கொடுத்தால் பிறகு அந்தப் பெயரைத் தேடி வருவார்கள் என்ற பயம். கடற்கரையில் பார்ப்போமா என்றேன். அதற்கும் இல்லை என்று தலையாட்டினா.

“அலைக்குப் புறகு அவன் கடல் பக்கமே போறல்ல மிஸ். போனாலும் வேற எங்கயாவதுதான் போயிருப்பான்.”

‘வேற எங்கயாவது’ என்று சொன்ன பிறகுதான் அவவுக்கே அதன் பொருள் விளங்கியிருக்க வேண்டும். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டா.

ஊருக்கு வந்திருந்தால் பஸ்ஸில்தானே வந்திருக்க வேண்டும் என்று கணவர் சொன்னார். மறுபடி கல்முனை பஸ் நிலையத்துக்குப் போனோம். அக்காவும் ஒரு ஓட்டோவில் பின்னால் வந்தா. பஸ்களுக்கு நேரம் குறிக்கும் மனிதரிடம் அவனுடைய அடையாள அட்டைப் படத்தைக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “காலையில இருந்து அங்கதான் இரிக்கான். மட்டக்களப்பு பஸ்ஸுல ஏறுவான், வெளிக்கிட முந்தி எறங்கிருவான்” என்று கட்டடத்தின் பின்பக்கத்தைக் காட்டினார்.

சீமெந்து வாங்கில் அவன் உட்கார்ந்திருந்தான். கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

பிறகு அறிந்தது இது. முந்திய நாள் ஒரு சாவடியில் அவனை இறக்கிவிட்டார்கள். படிப்பு நாளில் ஏன் ஊருக்குப் போகிறாய், மாணவன் என்றால் அட்டை எங்கே என்று இருட்டும்வரை விசாரித்திருக்கிறார்கள். இரவு ஒரு கடைக்காரர் படுக்க இடம் கொடுத்திருக்கிறார். காலையில் கல்முனைக்கு வந்தும், பாண்டிருப்பு வழியாகப் போகும் மட்டக்களப்பு பஸ்களில் ஏறியும், வீட்டுக்குப் போக அவனுக்குக் கால் வரவில்லை. சட்டைப் பையில் அக்காவுக்கு எழுதிய ஒரு கடிதம் இருந்தது. அதில் என்ன இருந்தது என்பதை நான் யாரிடமும் சொன்னதில்லை, இங்கேயும் சொல்ல மாட்டேன்.

என்னைக் கண்டதும் எழுந்து நின்றான். அலுவலகத்தில் நிற்பதுபோல.

“நான் விசாரணைக்கு வருவன் மிஸ். ஆரக் கூட்டி வாறதெண்டுதான் தெரியல்ல.”

அக்கா அவன் தோளில் ஒரு அடி போட்டா. பிறகு அவன் மணிக்கட்டைப் பிடித்தா. வீடு போய்ச் சேரும்வரை அந்தப் பிடியை விடவில்லை. அழுகைக்கு நடுவில் அவ என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“என்ன தேதிக்கு வரட்டாம் மிஸ்?”

திங்கட்கிழமை மேலதிகாரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அட்டையை நான் எடுத்துப்போனதையும் சேர்த்து. ஏச்சு வாங்கினேன். ஆனால் அவர் நல்ல மனிதர். ‘இவர் எமது மாணவர்’ என்று ஒரு கடிதம் எழுதிக் கையொப்பமிட்டுத் தந்தார். விசாரணைக்கு முன்பாக அவனை வைத்தியரிடம் காட்டவும் ஒழுங்கு செய்தார். அந்த மூன்று கிழமையும் அக்காவின் பக்கத்து வீட்டு இலக்கத்துக்கு நான் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தொலைபேசி எடுத்தேன். ஒவ்வொரு முறையும் அவன் குரலைக் கேட்கும்வரை தொலைபேசியை வைக்க மாட்டேன்.

விசாரணைக்கு அக்கா வந்தா. அவன் ஒன்றையும் மறைக்கவில்லை. அந்த முதலாம் வருடப் பிள்ளையைத் துரத்தியவர்களில் தானும் ஒருவன் என்றான். ஒரு அரையாண்டு வகுப்புத்தடை கிடைத்தது. அது நியாயமான தண்டனை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். கை முறிந்தவனுக்கும் வீட்டில் ஒரு தாய் இருந்தா. தடை முடிந்து அவன் திரும்பி வந்தான், படித்தான், சித்தியடைந்து போனான். அதற்குப் பிறகு எனக்குத் தெரியாது.

அந்தக் கடிதத்தில் ‘பெற்றோருடன்’ என்ற சொல்லை மாற்றி, ‘நீங்கள் நம்பும் ஒருவருடன்’ என்று போடவைக்க எனக்கு எட்டு மாதம் பிடித்தது. அதற்குப் பிறகு எந்த மாணவருக்கும் நான் நின்ற நிலையில் கடிதம் கொடுத்ததில்லை. இருக்கச் சொல்லி, இன்றைக்கு எங்கே போவீர்கள், யார் வீட்டில் இருப்பார்கள் என்று கேட்டு, பதில் வந்த பிறகுதான் கையொப்பம்.

அன்று அந்த வாங்கில் அவன் இல்லாமல் போயிருந்தாலும் என் கோப்பில் ஒரு பிழையும் இருந்திருக்காது. கடிதம் சரி, திகதி சரி, கையொப்பம் சரி. இன்றைக்கும் எனக்குப் பயம் தருவது அதுதான்.