ஊறிப்போன சீலிங்

இதைக் கட்டுக்கதை என்று சிரிப்பவர்களே, அதியமான்கோட்டைக்கு வந்து, அந்த அறையில் உங்கள் பிள்ளையைப் படுக்க வையுங்கள். பிறகு பேசலாம். நடந்ததைத்தான் எழுதுகிறேன். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

என் தொழில் ஃபால்ஸ் சீலிங் போடுவது. போன ஆனி மாதம் தங்கை காவியா போன் செய்தாள். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி வழிந்து, படுக்கையறை சீலிங் ஊறிவிட்டதாம். அதற்கு நேர் கீழேதான் அவளுடைய கைக்குழந்தை தூங்கும்.

மறுநாளே அதியமான்கோட்டையில் அவள் வீட்டுக்குப் போனேன். மாலை நான்கு இருபது. குழந்தை கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது. அதன் தலைக்கு மேலே பழுப்புக் கறை. ஜிப்சம் போர்டு நடுவில் தொங்கிப்போயிருந்தது.

“பாப்பாவ வேற ரூம்ல போடுங்க மாப்ள,” என்றேன் தங்கை கணவன் முருகேஷிடம்.

“ஒண்ணும் ஆவாது மச்சான். பெயிண்ட் மட்டும் அடிச்சுக் குடுங்க. கழட்டாதீங்க.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. காட்டினால்தான் இந்த ஆளுக்குப் புரியும் என்று ஸ்டூலைப் போட்டு ஏறினேன். கட்டைவிரலால் போர்டை அழுத்தினேன். நல்ல போர்டு கல் மாதிரி நிற்கும். இது ஊறிய வடை மாதிரி உள்ளே போனது. மாற்றியே ஆக வேண்டும். அவன் பார்க்கட்டும் என்று இன்னொரு முறை அழுத்தினேன்.

மேலிருந்து யாரோ திருப்பி அழுத்தினார்கள்.

விரலை இழுத்துக்கொண்டேன். எலியாக இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் எலி இவ்வளவு மெதுவாகவா அழுத்தும்?

“மேல என்ன வச்சிருக்கீங்க?”

முருகேஷ் வாசல் பக்கம் பார்த்தான்.

சுவரோரமாகக் கத்தியால் ஒரு சதுரம் வெட்டி, டார்ச்சை உள்ளே விட்டேன். புளித்த பால் வாடை முகத்தில் அடித்தது. மேலே கான்கிரீட் காய்ந்து கிடந்தது. சொட்டு ஈரம்கூட இல்லை. அதற்கும் சீலிங்குக்கும் ஒரு முழம்தான் இடைவெளி. நடுவில் ஓர் இரும்புக் கொக்கி. குழந்தைக்குத் தூளி கட்டும் கொக்கி. அதில் பழைய புடவை ஒன்று கட்டியிருந்தது.

க்ரீச்...

புடவை ஆடியது.

க்ரீச்...

உள்ளே ஏதோ கனமாக இருந்தது.

அது என் டார்ச் பக்கம் புரண்டது.

“காவியா! பாப்பாவத் தூக்குடி!”

ஓடிவந்து தூக்கினாள். அவள் வாசலைத் தாண்டினாளோ இல்லையோ...

தடால்!

சீலிங் மொத்தமும் கட்டில் மேல் விழுந்தது. தூசி அடங்குமுன் குப்பையைக் கையாலேயே கிளறினேன். புடவை இல்லை. ஒன்றுமே இல்லை. மேலே கொக்கி மட்டும், துருப்பிடித்து, சிலந்தி வலையோடு.

முருகேஷின் சட்டையைப் பிடித்தேன். அப்போதுதான் வாயைத் திறந்தான். அவனுக்கு முன்னால் அவன் அம்மாவுக்குப் பிறந்த இரண்டு குழந்தைகளும் அந்தக் கொக்கியில் கட்டிய தூளியில்தான் இறந்தனவாம். தூளிக் கொக்கியை வெட்டினால் வம்சம் தழைக்காது என்று அவர்கள் வீட்டில் ஒரு நம்பிக்கை. அதனால் வெட்டாமல், சீலிங் போட்டு மறைத்திருக்கிறார்கள்.

“தெரிஞ்சுமாடா என் தங்கச்சி புள்ளய அதுக்குக் கீழ போட்ட?”

“வேற ரூம்ல போட்டா ராத்திரி பூரா அழுவுது மச்சான். இங்க போட்டா... அதுங்களே தாலாட்டித் தூங்க வச்சுடுதுங்க. நமக்கும் தூக்கம் கெடலைல்ல?”

நான் விட்ட அறை தெருவுக்கே கேட்டிருக்கும்.