ஒரே அடுப்பில் உண்பவர்கள்

மேடையில் நின்று பேசக் கற்றவனுக்கு அடுத்தவர் வாசலில் நின்று கேட்பது எளிதாக வராது. எழுபதுகளின் இறுதியில், சேலத்தில் இளங்கலை படித்துக்கொண்டிருந்தபோது, வார இறுதிகளிலும் விடுமுறைகளிலும் அந்த வேலையை நான் செய்தேன். அரசுத் துறை ஒன்று குடும்பங்களின் வாழ்க்கை நிலையைக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தது. நிரந்தர ஊழியர்கள் போதாமல் எங்களைப் போன்ற மாணவர்களைப் பகுதிநேரத்துக்கு எடுத்திருந்தார்கள். பேச்சுப் போட்டிகளில் நான் வென்ற கோப்பைகள் செவ்வாய்ப்பேட்டை வீட்டு அலமாரியில் ஒரு தட்டை நிறைத்திருந்தன. என்னைத் தேர்ந்தெடுத்த அதிகாரி, "பேசத் தெரிஞ்ச பையன். ஜனங்க கதவைச் சாத்த மாட்டாங்க" என்றார். எந்தக் கதவும் என் சொல்லுக்குத் திறக்கும் என்றே நானும் நம்பியிருந்தேன்.

பயிற்சி வகுப்பில் ஒரு வரையறையை எங்கள் மனத்தில் ஆழப் பதித்தார்கள். குடும்பம் என்பதற்கு ரத்தமும் அளவுகோல் அன்று, கூரையும் அன்று. ஒரே அடுப்பில் சமைத்து வழக்கமாகச் சேர்ந்து உண்பவர்கள் ஒரு குடும்பம். ஒரு கூரையின்கீழ் இரண்டு அடுப்புகள் எரிந்தால் அவை இரண்டு குடும்பங்கள். சாதியையும் சொத்தையும் ஒதுக்கிவிட்டு, உலையை மட்டும் பார்க்கும் அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. வேலைமுறையும் எளியதுதான். முதலில் ஊரிலுள்ள குடும்பங்களையெல்லாம் பட்டியலிட்டு, ஒவ்வொரு கதவிலும் சுண்ணக்கட்டியால் ஓர் எண் எழுத வேண்டும். பின்னர் மேற்பார்வையாளர் வந்து சரிபார்ப்பார். அதன்பின் குலுக்கல் முறையில் சில குடும்பங்களைத் தேர்ந்து, உணவு, உடை, செலவு குறித்து நீண்ட கேள்விகள் கேட்க வேண்டும்.

எனக்கு ஒதுக்கப்பட்ட ஊர் திருச்செங்கோட்டுக்கு மேற்கே, நிலக்கடலையும் சோளமும் விளையும் மேட்டுக்காட்டின் நடுவே இருந்தது. ஒவ்வொரு வாசலிலும் நான் ஒரு சிறு உரை நிகழ்த்துவேன். வரி கேட்டு வரவில்லை, வாக்குக் கேட்டு வரவில்லை, நாட்டின் நிலையை அறிய வந்திருக்கிறேன் என்று ஏற்றி இறக்கிச் சொல்வேன். அப்படி ஒரு வாசலில் பேசி முடித்ததும், சுவரோரம் பீடி புகைத்துக்கொண்டிருந்த ஒருவர், "பேச்செல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது. கருத்தடை ஆப்பரேசனுக்கு ஆள் புடிக்கற பார்ட்டி இல்லியே?" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்து ஓயும் வரை நான் காத்திருந்தேன்.

ஊரின் மேற்கோடியில் ஓட்டுவீடு ஒன்று. அதன் உரிமையாளர் காடும் கிணறும் உடைய பெரியவர். எத்தனை குடும்பம் என்று கேட்டேன்.

"எத்தனயா? கண்ணுல பாக்கறீங்கல்ல, ஒரே ஊடுதானுங்க."

"பின்னாடி புகை வருதுங்களே, ஐயா?"

"அது மாட்டுச் சாளைங்க. மாட்டுக்குத் தண்ணி காயுது."

மாடு கட்டும் அந்தக் கொட்டகையிலிருந்து ஒரு பெண் வெளியே வந்தாள். முப்பது வயதிருக்கும். "மாட்டுக்கில்லீங்க. எனக்குத்தான் சோறு வேகுது" என்றாள்.

வீட்டுக்குள்ளிருந்து அவளுடைய மாமியாரின் குரல் வந்தது. "கேட்டுக்குங்க சாமி, அவ மாடில்லியாமா."

அவள் அந்த வீட்டின் மூத்த மருமகள். அவளுடைய கணவன் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் வடக்கே வேலைக்குப் போனவன். சில ஆண்டுகளாக அவனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. பெரிய வீட்டில் ஒவ்வொரு வேளைச் சோற்றோடும் ஒரு சொல்லையும் சேர்த்து விழுங்க வேண்டியிருந்ததால், அவள் சாளையில் மூன்று கல் கூட்டி, கடலைக்காட்டுக் கூலியில் தனியே பொங்கித் தின்றுகொண்டிருந்தாள். ஆனால் அவள் பெயர் மாமனாரின் ரேஷன் கார்டிலேயே இருந்தது. அவள் பங்குச் சர்க்கரையும் மண்ணெண்ணெயும் பெரிய வீட்டுக்குள் போயின.

"எனக்கொரு கார்டு வேணுமுங்க சாமி" என்றாள். "சக்கரைக்கு இல்லீங்க. எம்பேருல ஒண்ணு இருந்தா, நாளைக்கு இவிங்க போன்னு சொன்னாக்கூட, நான் இந்த ஊருக்காரின்னு எடுத்துக் காட்டலாமல்லீங்க. கதவுல சர்க்காரு நம்பரு தனியா உழுந்துட்டா எழுதித் தாரேன்னு மணியகாரரு சொல்லீருக்காரு."

மணியக்காரர் என்பது அப்போதைய கிராம அதிகாரி. எங்கள் கணக்கெடுப்புக்கும் ரேஷன் கார்டுக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை என்று அவளிடம் விளக்கினேன். நாங்கள் எழுதுவதை யாரிடமும் காட்ட மாட்டோம். இந்த எண்ணால் யாருக்கும் எதுவும் கிடைக்காது. எனக்குத் தெரிந்த எளிய சொற்களில் இரண்டு முறை சொன்னேன்.

"குடுக்கறதுக்கு முன்னால எல்லா ஆபீசரும் அப்பிடித்தானுங்க சொல்லுவாங்க" என்றாள் அவள்.

வரையறைப்படி அவள் தனிக் குடும்பம். சாளையின் கதவில் தனி எண் எழுதினேன். எழுத்து அழியாமல் இருக்க, கதவுக்குப் பக்கத்தில் கட்டியிருந்த எருமையை அவிழ்த்துத் தள்ளிக் கட்டினாள்.

மேற்பார்வையாளரோடு நான் மீண்டும் அந்த ஊருக்குப் போனபோது பெரிய வீட்டு வாசலில் கூட்டமாக இருந்தது. பெரியவரின் அண்ணன், எதிர்வீட்டுக்காரர், முந்தைய நாள் இறந்திருந்தார். அந்தப் பக்கத்து வழக்கப்படி, இறந்தவரின் பங்காளி வீடுகள் எதிலும் காரியம் முடியும் வரை அடுப்பு எரியாது. அடுப்பை வழித்து மெழுகி வைத்துவிடுவார்கள். மாமன் மச்சான் முறைக்காரர்கள் சமைத்துக் கொண்டுவரும் சோற்றைப் பங்காளிகள் எல்லோரும் ஓரிடத்தில் உட்கார்ந்து உண்பார்கள்; இம்முறை அந்த இடம் பெரிய வீடு.

மேற்பார்வையாளர் ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர். யாரிடமும் குரலை உயர்த்தாதவர். சாளைக்குள் குனிந்து பார்த்தார். மூன்று கற்களும் சாணமிட்டு மெழுகிக் கிடந்தன. ஒரு பிடிச் சாம்பல்கூட இல்லை.

"நேத்து எங்கம்மா சாப்பிட்ட?"

"பெரிய ஊட்டுலீங்க."

"இன்னிக்கு?"

"அங்கதானுங்க. தீட்டுங்களே."

"நீ தனிக் குடும்பம்னு இந்தத் தம்பி எழுதியிருக்கு. தனிக் குடும்பத்துக்கு ஏம்மா அந்த வீட்டுத் தீட்டு?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு வாசலில் இருந்த கூட்டத்தைப் பார்த்தாள். "எம் புருசன் இந்த ஊட்டுப் பையனுங்க. இன்னிக்கு நான் அடுப்புப் பத்த வெச்சா, எனக்கும் இந்த ஊட்டுக்கும் ஒண்ணுமில்லீன்னு நானே சொல்லிப்போட்டாப்பல ஆயிருமுங்க. அப்பறம் அவரு வந்தா எங்கீங்க வருவாரு?"

அப்போது நான் பேசினேன். ஓராண்டு முழுதும் எரிந்த அடுப்பை ஒரு சாவு அணைத்ததனால் அது அடுப்பு இல்லாமல் போய்விடாது என்றேன். வழக்கமாக எங்கே உண்கிறார்கள் என்பதையே விதி கேட்கிறது. துக்கத்தின் நாள்களை விதி கேட்கவில்லை. துக்கத்துக்கு வந்தவனையெல்லாம் அந்த வீட்டுக்காரனாக எழுதுவதானால், இன்று வாசலில் அமர்ந்திருக்கும் அத்தனை பேரையும் இந்த வீட்டில் சேர்த்தாக வேண்டும் என்றேன். துக்கத்துக்கு வந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு என்னைக் கேட்டார்கள். எந்த மேடையிலும் அதைவிட நன்றாக நான் பேசியதில்லை என்று இன்றும் எனக்குத் தோன்றுகிறது.

மேற்பார்வையாளர் இறுதிவரை பொறுமையாகக் கேட்டார். "முடிச்சிட்டியாப்பா?" என்றார். "நீ சொல்றது அத்தினியும் சரி. ஆனா அந்த அம்மாவே அங்கதான் சாப்பிட்டேன்னுது. பேரு அந்த வீட்டுக் கார்டுல இருக்குது. நாளைக்கு மேல இருந்து ஒருத்தர் வந்து கேட்டா, அவருக்கு நான் உன் பேச்சையா காட்டுறது? ஒரு அடுப்பையில்ல காட்டணும்."

பட்டியலில் அந்த வரியை அடித்துக் கையெழுத்திட்டார். பின்னர் எருமைத் தொட்டியில் துணியை நனைத்துக் கதவிலிருந்த எண்ணை அவரே துடைத்தார். விதிப்படி அடித்த எண்ணைக் கதவில் விட்டுவைக்கக் கூடாது.

மணியக்காரரும் துக்கத்துக்கு வந்து கட்டிலில் அமர்ந்திருந்தார். அவள் அவர் பக்கம் திரும்பினாள். "என்னைப் பாத்து என்னம்மிணி பண்றது?" என்றார் அவர். "நம்பரைத்தான் அழிச்சுப்போட்டாங்களே."

மாமனார் கோபப்படவில்லை. இழுபட்ட வழக்கு ஒன்று முடிந்த நிம்மதியே அவர் குரலில் இருந்தது. "சர்க்காரே வந்து பாத்து ஒரே ஊடுன்னு சொல்லிப்போட்டுது. இனி எதுக்கு ரெண்டு அடுப்பு? உள்ளயே வந்து தின்னுக்கட்டும்."

எங்கள் கணக்கெடுப்பால் அவளுக்கு எதையும் கொடுக்க முடியாது என்று நான் சொன்னது உண்மைதான். அவளிடமிருந்து எடுத்துக்கொள்ள முடியும் என்பது பயிற்சி வகுப்பில் யாரும் சொல்லாத செய்தி. பேருந்தில் திரும்பும் வழியெல்லாம் மேற்பார்வையாளர் என் பேச்சைப் பாராட்டிக்கொண்டே வந்தார். எந்தக் கல்லூரி என்று விசாரித்தார். வழக்கறிஞருக்குப் படிக்கச் சொன்னார்.

குலுக்கலில் அந்தப் பெரிய வீடே தேர்வாகி வந்தது. அதற்குள் காரியம் முடிந்திருந்தது; ஊரில் எல்லா அடுப்புகளும் மீண்டும் எரிந்தன. சாளைப் பக்கம் புகை இல்லை. பெரியவர் எனக்கு மோர் கொடுக்கச் சொன்னார். அவள்தான் கொண்டுவந்து வைத்தாள். பக்கத்துக் காட்டில் கடலை பறிக்கும் கூலிக்கு இப்போது அவள் போவதில்லை என்றும், வீட்டு வேலையே சரியாக இருக்கிறதென்றும் மாமியார் சொன்னார்.

தாலுகா அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதித் தருகிறேன் என்று அவளிடம் தணிந்த குரலில் சொன்னேன்.

"வேண்டாஞ் சாமி" என்றாள். "அவிங்களும் வந்துதான் பாப்பாங்க."

படிவத்தில் உறுப்பினர்களை வரிசையாக எழுதிக்கொண்டு வந்தேன். மூத்த மருமகளின் வரி வந்தது. ஒவ்வொருவரும் வீட்டில் எத்தனை வேளை உண்கிறார்கள் என்பது அதற்குரிய கேள்வி.

"மூணு வேளையும் இங்கதான். வேற எங்க?" என்றார் பெரியவர்.

விதிப்படி அவளையே கேட்க வேண்டும், கேட்டேன். அவள் கதவருகே நின்று மோர்ச் சொம்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"மாமா சொல்றாப்பலயே எழுதிக்குங்க" என்றாள்.

எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனேன். அது அந்த வீட்டில் மாதம் எவ்வளவு உப்பு ஆகிறது என்பது.