முடிவில்லாத குட வரிசை

என் தங்கச்சியைப் பொண்ணு பாக்க எண்ணூர்லேர்ந்து ஆளுங்க வர அன்னிக்குன்னு பாத்து வூட்ல சொட்டுத் தண்ணி இல்ல. டோல்கேட்டாண்ட எங்க தெருவுக்கு லாரித் தண்ணிதான். ரெண்டு குடத்தைத் தூக்கிகினு ஓடினேன். நல்ல காலம், வரிசைல நடு எடம் கெடச்சுது.

நான் கணக்கு டீச்சர். எனக்கு வாய் சும்மா இருக்காது. மேல்படிப்புப் பரீட்சைக்குப் படிக்க கையில புக்கு வேற. அப்போ லேட்டா வந்த மீன்கார அக்கா, கல்மண்டபம் மார்க்கெட்ல யாவாரம் பண்றவங்க, பக்கத்துல நின்னு, "இன்னாம்மா படிக்கிற?"ன்னாங்க.

"ஒண்ணு ரெண்டு மூணுன்னு எல்லா எண்ணும் ஒரு பக்கம், வெறும் ரெட்டப்படை ஒரு பக்கம். ரெண்டும் சமம்க்கா."

"தோடா! பாதி கழண்டுகிச்சே, எப்டி சமம்?"

"ஒண்ணுக்கு ரெண்டு, ரெண்டுக்கு நாலு, மூணுக்கு ஆறுன்னு ஜோடி சேத்துகினே போங்க. ஜோடி இல்லாம ஒண்ணும் நிக்காது. முடிவே இல்லாததுல அப்டித்தான்."

அதோட வுட்டனா? குடத்தைக் காட்டி வெளக்கினேன். "இந்த வரிசைக்கு முடிவே இல்லன்னு வெச்சுக்கோங்க. எல்லாரும் ஒரு எடம் பின்னால தள்ளினா மொத எடம் காலி. புதுசா ஒருத்தர் நிக்கலாம். யாருக்கும் எடம் போகாது."

அக்கா நேரா முன்னாடி போயி குடத்தை வெச்சாங்க. "எல்லாரும் ஒரு எடம் தள்ளுங்கோ! யாருக்கும் நஷ்டமில்லன்னு டீச்சரே சொல்லிச்சு!"

பாதி வூட்டுப் புள்ளைங்க என்கிட்ட டியூசன். டீச்சர் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு தெருவே பின்னால தள்ளுச்சு.

"அக்கா, இந்த வரிசைக்கு முடிவு கீதுக்கா!"ன்னு கத்தினேன்.

"எங்க கீது? காட்டு."

திரும்பிப் பாத்தா வரிசை தெருமுனையத் தாண்டி வளைஞ்சு போயிட்டுது. கண்ணுக்கு முடிவு தெரியல. அப்புறம் இன்னா, லேட்டா வந்தவங்க எல்லாரும் முன்னாடியே நின்னாங்க. நானும் தள்ளித் தள்ளி தெருமுனைக்கே போயிட்டேன். என் முறை வந்தப்போ லாரி காலி.

வூட்ல தங்கச்சி அழுதுட்டா. "என் கல்யாணத்துலயா கணக்கு போடுவ?" வேற வழி? கைபம்புல உப்புத் தண்ணி அடிச்சாந்தேன். அம்மா அதுலயே காபி போட்டாங்க.

மாப்பிள்ளையோட அம்மா ஒரு வாய் குடிச்சாங்க. நான் கண்ணை மூடிகினேன்.

"எங்க வூட்லயும் காபி இதே கரிப்புதாம்மா," ன்னாங்க. "பொண்ணு வந்து புதுசா பழக வேணாம். தேதி பாருங்க."