கையேட்டில் நான் விட்ட வரி

மெசேஜ் ஆப்பில் வரும் ஆர்டர்களுக்கு ஏஐ ஏஜென்ட் தானாகவே பதில் சொல்லும்படி இணைத்துக்கொடுக்கும் கருவி எங்கள் கம்பெனியுடையது. அதற்குக் கையேடு எழுதுவது என் வேலை. வியாபாரத்துக்கென்று தனி நம்பர் இருக்கும் என்று வைத்துக்கொண்டே எழுதினேன். நானும் சிவகாசிக்காரன்தான். இங்கே பட்டாசுக் கடைகளில் ஆர்டர், வேலையாட்கள், சொந்தபந்தம் எல்லாமே ஒரே நம்பரில் வரும் என்று எனக்குத் தெரியாதா? 'தெரிந்தவர்களுக்குப் பதில் போகாதபடி முதலில் விலக்கிவையுங்கள்' என்று ஒரு வரி எழுதச் சோம்பல்பட்டேன்.

கடை வைத்திருக்கும் பாத்திமா அக்கா என் கையேட்டை நம்பித்தான் இணைத்தார். தீபாவளி சீசனில், அவரிடம் பெட்டி கட்டும் மாரியம்மாள், "அக்கா, எங்க வீட்டுக்காரக தவறிட்டாக" என்று செய்தி அனுப்பினார். "தொடர்புகொண்டதில் மிக்க மகிழ்ச்சி! எத்தனை பெட்டி அனுப்பட்டும்?" என்று உடனே பதில் போய்விட்டது.

அக்கா அழைத்ததும் அவருடன் மாரியம்மாளின் ஊரான நாரணாபுரத்துக்கு ஓடினேன். மாரியம்மாள் போனை நீட்டி, "இப்படியாக்கா கேப்பீக?" என்றார்.

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. "எந் தப்புதாம்மா, மன்னிச்சிரு" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நான் துக்கம் கேட்க வந்த யாரோபோல் ஓரமாக நின்றேன். யாரோ நாற்காலி போட்டார்கள்; அதில் உட்காரவும் செய்தேன்.

இப்போது அந்த வரி கையேட்டின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. யார் யாரோ படிக்கிறார்கள். மாரியம்மாள் மட்டும் அன்று போன பதிலை அக்கா செய்த தப்பு என்றே இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்.